இல்லத்துப் பிள்ளைகள் கோர்ட் படி ஏறாமல் இருக்க: பினாங்கில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பினாங்கில் ஏதாவது ஒரு பிள்ளைகள் இல்லத்தில் வார்டனாகவோ, சனி ஞாயிறு டியூஷன் சொல்லிக்கொடுக்கும் தொண்டராகவோ நீங்கள் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள் என்றால், சீக்கிரமே ஒரு ராத்திரி இந்தக் கேள்வி உங்கள் முன்னால் வந்து நிற்கும்: பலாய்க்கு, அதாவது போலீஸ் நிலையத்துக்கு, போன் போடுவதா, வேண்டாமா? பையன் ஒருவன் ஜன்னல் கண்ணாடியை உடைத்திருப்பான். அல்லது சாமி மேடை உண்டியலில் இருந்த நாற்பது வெள்ளி காணாமல் போயிருக்கும். உங்களைவிட மூத்த ஒருவர், "ஒரு தடவை போலீஸ் வந்து மிரட்டிவிட்டுப் போகட்டும், அடங்கிவிடுவான்" என்பார். நல்ல எண்ணத்தில்தான் சொல்வார்.

அந்த ராத்திரியில் உட்கார்ந்து சட்டம் படிக்க முடியாது. அதனால் இப்போதே படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பா அம்மாவோடு ஆயர் ஈத்தாமில் வளரும் ஒரு பையன் அதே கண்ணாடியை உடைத்தால், நன்றாகத் திட்டு விழும், ஒரு வாரத்துக்கு போன் கிடையாது, தீபாவளிக் காசில் கண்ணாடிக்குப் பிடித்தம். அதோடு சரி. இல்லத்துப் பையன் உடைத்தால் ரிப்போர்ட், விசாரணை அதிகாரி, கோர்ட் என்று அது நீண்டுகொண்டே போகிறது. இங்கிலாந்தில் இதே பிரச்சினையை லார்ட் லேமிங் தலைமையிலான ஆய்வுக் குழு 2016-இல் எடுத்துச் சொன்னது. 2018-இல் அந்நாட்டு அரசாங்கம், பராமரிப்பில் இருக்கும் பிள்ளைகளைத் தேவையில்லாமல் குற்றவாளியாக்குவதைக் குறைக்க இல்லங்களும் போலீசும் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு தேசிய நெறிமுறையே வெளியிட்டது. அதன் அடிப்படைக் கேள்வி சாதாரணமானது: உங்கள் சொந்தப் பிள்ளை இதைச் செய்திருந்தால் போலீசைக் கூப்பிட்டிருப்பீர்களா? ஜெலுத்தோங்கில் கேட்டாலும் பட்டர்வொர்த்தில் கேட்டாலும் அந்தக் கேள்வி பொருந்தும்.

முதலில்: பிள்ளை எந்த வழியில் இல்லத்துக்கு வந்தான்?

சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்கள் பொறுப்பில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளையின் கோப்பையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். 2001 சிறார் சட்டத்தின்படி (சட்டம் 611) 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட எல்லாரும் சிறார்தான். ஆனால் இல்லத்துக்குள் வரும் வழி எல்லாருக்கும் ஒன்றல்ல. சிலரை சமூக நல இலாகாவின் பாதுகாப்பு அதிகாரி மீட்டு, சிறார் நீதிமன்றத்தின் ஆணையோடு கொண்டுவந்திருப்பார். சிலரை அம்மாவோ பாட்டியோ கையைப் பிடித்துக் கூட்டிவந்து "கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளுங்கள் ஐயா" என்று விட்டுப் போயிருப்பார்கள். அந்தக் கொஞ்ச நாள் ஏழு வருடம் ஆகியிருக்கும்.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்றால், நாளைக்கு அந்தப் பையன் பிடிபட்டால் போலீஸ் கேட்கும் முதல் கேள்வி "இவனுக்கு யார் பாதுகாவலர்?" என்பதுதான். நீங்கள் தடுமாறினால் பையன் உள்ளேயே இருப்பான். நீதிமன்ற ஆணை இருந்தால் அதன் நகல், அது முடியும் தேதி, பொறுப்பான அதிகாரியின் பெயர், கைபேசி எண் எல்லாம் கோப்பின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். தானாக விட்டுப்போன பிள்ளை என்றால், ஒரு பிள்ளையைப் பராமரிப்பில் எடுப்பவர் ஒரு வாரத்துக்குள் பாதுகாப்பு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தெரிவித்ததற்கு அத்தாட்சி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லமே 1993 பராமரிப்பு மையச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றதா என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள். புதிதாக வந்தவர் கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அப்புறம் ஆவணங்கள். நம் சமூகத்தில் இது பெரிய தலைவலி. கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமல் விட்ட திருமணம், அம்மா வெளிநாட்டவர், பிறப்புப் பத்திரத்தில் அப்பா பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. பதிவு செய்யாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்கு அம்மாவின் குடியுரிமைதான். அதனால் அப்பா மலேசியராக இருந்தும் ஐசி (மைகாட் அடையாள அட்டை) இல்லாமல் நிற்கும் பிள்ளைகளைப் பார்ப்பீர்கள். 12 வயதில் மைகாட் எடுக்க வேண்டும். ஐசி இல்லாத பதினைந்து வயதுப் பையன் சாலைத் தடுப்பில் நிறுத்தப்பட்டால், எந்தத் தப்பும் செய்யாமலே பலாய்க்குப் போவான், வயதை நிரூபிக்கவும் அவனிடம் ஒன்றும் இருக்காது. தேசியப் பதிவு இலாகாவுக்கு நடப்பது வருடக்கணக்காக இழுக்கும் வேலை. அதனால் இன்றைக்கே தொடங்குங்கள்.

தினக்குறிப்பை எப்படி எழுதுவது

இந்தப் பகுதியில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் புதியவர்கள் அலட்சியமாக விடுவது இதைத்தான். ஒவ்வொரு இல்லத்திலும் வார்டன் மேசையில் நீல அட்டை போட்ட ஒரு நோட்டு இருக்கும். ராத்திரி ஷிப்ட் முடிந்ததும் ரெண்டு வரி எழுதுவோம். அந்த ரெண்டு வரிதான் பிற்பாடு நன்னடத்தை அதிகாரியின் அறிக்கைக்குள் போய், அங்கிருந்து மாஜிஸ்திரேட்டின் மேசைக்குப் போகிறது.

ஒரே சம்பவத்தை ரெண்டு விதமாக எழுதலாம். முதலாவது இப்படி: "இரவு மிகவும் ஆக்ரோஷமாக நடந்துகொண்டான். சொல்பேச்சு கேட்கவில்லை. கதவை உடைத்தான். மற்ற பிள்ளைகளுக்கு ஆபத்து."

இரண்டாவது: "இரவு 9.40. அம்மாவுக்கு மூன்று தடவை போன் போட்டான், எடுக்கவில்லை. இன்று அவனுடைய பிறந்தநாள். ஸ்டோர் ரூம் கதவை உதைத்தான், மேல் கீல் பெயர்ந்தது. யார் மீதும் கை வைக்கவில்லை. மாடிப்படியில் தனியாக உட்கார்ந்தான். 10.05க்கு மைலோ கொண்டுபோய்க் கொடுத்தேன், குடித்தான். காலையில் கீலைத் திருகி மாட்ட அவனே உதவினான்."

முதல் குறிப்பைப் படிப்பவருக்கு ஒரு முரடன் தெரிகிறான். இரண்டாவதைப் படிப்பவருக்குப் பிறந்தநாளில் அம்மா போன் எடுக்காத ஒரு பையன் தெரிகிறான். இரண்டாவது குறிப்பு எதையும் மறைக்கவில்லை. உடைந்தது கீல் என்று எழுதியிருக்கிறது. உங்களுக்குத் தேவை நேரம், அதற்கு முன்னால் நடந்தது, என்ன உடைந்தது, யாருக்காவது அடிபட்டதா, எப்படித் தணிந்தான், பிறகு என்ன செய்தான். "ஆக்ரோஷம்", "அடங்காதவன்", "திருட்டுப் புத்தி" போன்ற சொற்களை நோட்டில் எழுதாதீர்கள். கண்ணால் பார்த்ததை எழுதுங்கள்.

நல்லதையும் எழுதுங்கள். தமிழ்மொழி சோதனையில் எழுபது எடுத்தான், சின்னப் பையனுக்குக் காலணி நாடா கட்டிவிட்டான் என்பதெல்லாம் நோட்டில் வந்தால்தான் பின்னால் காட்ட முடியும். பொதுவாக இந்த நோட்டுகளில் பிள்ளைகள் தப்பு செய்த நாட்கள் மட்டும்தான் இருக்கும். மற்ற நாட்களில் எழுத ஒன்றும் இல்லை என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம்.

மூன்று மாத நோட்டைச் சேர்த்து வைத்து ஒரு மாலை படித்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அதாவது குடும்பம் வந்து பார்க்கும் நாள் முடிந்த பிறகு, சண்டை அதிகமாக இருக்கும். பள்ளி விடுமுறையின் கடைசி வாரமும் அப்படித்தான். அது தெரிந்தால் அந்த நேரத்துக்கு ஒரு ஆள் கூடுதலாகப் போட்டு, பந்து விளையாடக் கூட்டிப்போகலாம்.

போலீசை எப்போது கூப்பிட வேண்டும்

கூப்பிடவே கூடாது என்று சொல்லவில்லை. ஆயுதம், பலத்த காயம், பாலியல் துன்புறுத்தல், வெளியாள் உள்ளே புகுவது — இதற்கெல்லாம் உடனே 999. ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையிடமோ பெரியவரிடமோ கொடுமை அனுபவிப்பதாகச் சொன்னால் 15999, தாலியான் காசே உதவி எண். அதை "இல்லத்துக்குள்ளேயே பேசி முடிப்போம்" என்று மூடுவது குற்றம், பாவமும்கூட.

மற்றவற்றுக்கு, இல்லத் தலைவரோடு உட்கார்ந்து ஒரே ஒரு பக்கம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி, கதவு, நாற்காலி, சில்லறைத் திருட்டு, பையன்களுக்குள் மூக்கில் ரத்தம் வராத சண்டை, வார்டனைக் கெட்ட வார்த்தையில் திட்டுவது: இவையெல்லாம் இல்லத்துக்குள் தீர்க்க வேண்டியவை. ராத்திரி ஷிப்டில் இருப்பவர் தனியாக முடிவெடுக்கக் கூடாது, இன்னார் இன்னாரில் ஒருவருக்கு முதலில் போன் போட வேண்டும் என்று பெயரோடு எழுதுங்கள். கோபம் தணிய அரை மணி நேரம் போதும். முக்கால்வாசி போன்கள் அந்த அரை மணிக்குள்தான் போகின்றன.

தப்புக்குத் தண்டனையே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். உண்டியல் பணம் எடுத்தவன் அதைத் திருப்பிக் கட்டட்டும், வாரம் ரெண்டு வெள்ளியாக. யாருக்கு நஷ்டமோ அவர் முன்னால் உட்கார்ந்து பேசட்டும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு லோக்காப்பைவிட இது கஷ்டம், முகத்தைப் பார்க்க வேண்டுமே.

ஓடிப்போகும் பிள்ளைகள் விஷயம் வேறு. மாலை ஆறு மணிக்கு வர வேண்டியவன் எட்டு மணிக்கும் வரவில்லை என்றால், முதலில் அவன் வழக்கமாகப் போகும் இடங்களைத் தேடுங்கள்: அத்தை வீடு, பழைய அடுக்குமாடி, பிறை பக்கம் இருக்கும் சைபர் கடை. கிடைக்கவில்லை என்றால் ரிப்போர்ட் செய்துதான் ஆக வேண்டும். அப்போது அது காணாமல் போன பிள்ளையைப் பற்றிய ரிப்போர்ட், அவன்மேல் புகார் இல்லை என்பதைத் தெளிவாகச் சொல்லி, எழுதியதை வாசித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். திரும்பி வந்ததும் முதல் வார்த்தை "எங்கேடா போன?" என்று இருக்க வேண்டாம். "சாப்பிட்டியா?" என்று கேளுங்கள். எங்கே போனான் என்பதை மறுநாள் அவனே சொல்வான்.

"கட்டுக்கடங்காத பிள்ளை" மனு: கையெழுத்துக்கு முன் யோசியுங்கள்

புதியவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாத ஒரு கதவு இது. சிறார் சட்டத்தின் 46-ஆவது பிரிவின்படி, பெற்றோரோ பாதுகாவலரோ "இந்தப் பிள்ளையை எங்களால் கட்டுப்படுத்த முடியவில்லை" என்று சிறார் நீதிமன்றத்தில் எழுத்து மூலம் மனு கொடுக்கலாம். பிள்ளை எந்தக் குற்றமும் செய்திருக்க வேண்டியதில்லை. பள்ளிக்கு மட்டம், ராத்திரி வெளியே சுற்றுவது, காதல் என்று காரணம் போதும். நீதிமன்றம் நன்னடத்தை அதிகாரியின் அறிக்கையைப் பார்த்து, அவர் கண்காணிப்பில் விடலாம், தகுந்த ஒருவர் பொறுப்பில் விடலாம், நன்னடத்தை விடுதிக்கோ, சமூக நல இலாகாவின் சீர்திருத்தப் பள்ளியான துனாஸ் பக்திக்கோ அனுப்பலாம். துனாஸ் பக்தி என்றால் மூன்று வருடம் வரை போகலாம். கோலாலம்பூரில் சுங்கை பீசியில் இருப்பது ஆண் பிள்ளைகளுக்கான அப்படிப்பட்ட பள்ளி.

அங்கே குற்றம் நிரூபிக்கப்பட்டு வந்த பிள்ளைகளும் இருப்பார்கள். மட்டம் போட்டதற்குப் போனவன், மோட்டார் திருடத் தெரிந்தவனோடு ஒரே டார்மிட்டரியில் படுப்பான். களைத்துப்போன அம்மாக்கள் "போர்டிங் ஸ்கூல் மாதிரிதானே சார்" என்று கேட்பார்கள். இல்லை, அது நீதிமன்ற ஆணை. மனசு மாறி அடுத்த மாதம் போய்க் கூட்டிவர முடியாது. ஒரு தாய் இந்த மனுவோடு உங்களிடம் வந்தால், முதலில் சமூக நல இலாகா அதிகாரியிடமும் ஒரு கவுன்சலரிடமும் உட்காரவையுங்கள். பினாங்கு பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்ப வேண்டிய பிள்ளைகளும் இதில் இருக்கிறார்கள். எழுத்துக்கூட்ட முடியாததை மறைக்க வகுப்பில் கலாட்டா செய்யும் பையனுக்கு டிஸ்லெக்சியா என்று பதினான்கு வயதில் தெரியவந்தால், அத்தனை வருட "அடங்காதவன்" பட்டத்தை யார் திருப்பி எடுப்பது?

பள்ளி, சாயங்காலம், வெளியே இருக்கும் அண்ணன்கள்

தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டு வரை ஓரளவு பரவாயில்லை. டீச்சர்களுக்குப் பிள்ளையின் குடும்பக் கதை தெரியும். இடைநிலைப்பள்ளிக்குப் போகும்போதுதான் கைநழுவுகிறது. மலாய்மொழி போதவில்லை என்று புகுமுக வகுப்பில் ஒரு வருடம் கூடுதலாக உட்காரவைக்கப்படும் பையன், தன் வயதுக்காரர்கள் படிவம் ஒன்றுக்குப் போய்விட்டதைப் பார்த்துக்கொண்டே இருப்பான். அந்த வருடத்தில் மட்டம் போடத் தொடங்கினால் படிவம் மூன்றுக்குள் நின்றுவிடுவான். அதனால் ஆறாம் ஆண்டின் கடைசி மாதங்களிலேயே மலாய்மொழி டியூஷனைக் கூட்டுங்கள். புதிய பள்ளியின் கட்டொழுங்கு ஆசிரியரை, பிரச்சினை வருவதற்கு முன்பே ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள். "சார், ஏதாவது என்றால் முதலில் எனக்கு ஒரு வாட்ஸ்அப் போடுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்தாலே பாதிச் சண்டை பள்ளிக்குள் தீர்ந்துவிடும். பள்ளியிலிருந்து நீக்குவதாகச் சொன்னால் எழுத்தில் கேளுங்கள். மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு அதை எடுத்துப் போகலாம்.

சாயங்காலம் நான்கிலிருந்து ஏழு வரை காலியாக இருக்கும் பையனை யாராவது நிரப்பிவிடுவார்கள். மாமாக் கடையில் தே தாரேக் வாங்கிக்கொடுக்கும் ஒரு அண்ணன், அப்புறம் ஒரு பழைய மோட்டார், அப்புறம் "இந்தப் பொட்டலத்தை அங்கே கொடுத்துட்டு வா". இல்லத்துப் பிள்ளைகளை இவர்கள் தேடி வருவதற்குக் காரணம் இருக்கிறது: தேடி வரும் அப்பா கிடையாது என்று தெரியும். 2013-இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. சட்டவிரோதச் சங்கத்தில் உறுப்பினராக இருப்பதே சங்கங்கள் சட்டத்தின் கீழ் குற்றம், எதையும் செய்யத் தேவையில்லை. சாவு வீட்டு ஊர்வலத்தில் கும்பலின் எண் போட்ட டீசட்டையோடு நிற்பது, டிக்டாக்கில் கைவிரல் சைகை காட்டுவது இதெல்லாம் விளையாட்டு என்று பையன்கள் நினைக்கிறார்கள். போலீஸ் அப்படி நினைப்பதில்லை.

இதைத் தடுக்கிறேன் என்று தைப்பூசத்துக்கே போகக் கூடாது என்று கதவைச் சாத்தாதீர்கள். சுவர் ஏறிக் குதித்துப் போவான், அப்போது யாரோடு போவான் என்று உங்களுக்குத் தெரியாது. இல்லத்தின் பெயரில் ஒரு தண்ணீர்ப் பந்தலிலோ அன்னதானத்திலோ வேலை வாங்கிக்கொடுங்கள். கெபுன் பூங்கா சாலையில் மோர் ஊற்றிக்கொண்டு நிற்பவனுக்குக் கூட்டத்தின் நடுவில் ஒரு இடம் இருக்கிறது, பார்க்கும் எல்லா அத்தை மாமாக்களும் "நல்லா இருப்பா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

பெரிய பிள்ளைகளிடம் மூன்று விஷயத்தை நேராகப் பேசிவிடுங்கள், வெட்கப்படாமல். வங்கி அட்டையையும் பின் எண்ணையும் யாருக்கும் வாடகைக்குக் கொடுக்கக் கூடாது. முந்நூறு வெள்ளிக்கு ஆசைப்பட்டு அக்கவுண்டைக் கொடுத்தால் மோசடிக் கும்பலின் குற்றம் அவன் பெயரில் விழும். பி2 (மோட்டார் சைக்கிள்) லைசென்ஸ் எடுக்க 16 வயது ஆக வேண்டும், அதற்கு முன் மோட்டார் ஓட்டக் கூடாது. மூன்றாவது, 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண்ணோடு உறவு வைத்தால், அவள் சம்மதித்திருந்தாலும் சட்டப்படி அது கற்பழிப்பு. பதினேழு வயதுப் பையனுக்கு இது தெரிந்திருப்பதில்லை. யாரும் சொன்னதில்லை.

பிடிபட்ட ராத்திரி

எவ்வளவு பார்த்துக்கொண்டாலும் ஒருநாள் போன் வரும். அப்போது செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன்.

எந்த பலாய், ஐஓ (விசாரணை அதிகாரி) யார், எந்தச் சட்டப் பிரிவு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறப்புப் பத்திரத்தின் நகலையும் நீதிமன்ற ஆணை இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். மரியாதையாகப் பேசுங்கள்: "துவான், புடாக் நி பாவா லாப்பான் பெலாஸ் தாஹுன்." இந்தப் பையன் பதினெட்டுக்குக் கீழ் என்பதை முதல் வாக்கியமாகச் சொன்னால் மற்றதெல்லாம் அதைத் தொடர்ந்து வரும். கைது செய்த உடனே நன்னடத்தை அதிகாரிக்கும் பெற்றோர் அல்லது பாதுகாவலருக்கும் போலீஸ் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். நன்னடத்தை அதிகாரிக்குச் சொல்லிவிட்டார்களா என்று கேளுங்கள். பெரியவர்களோடு ஒரே லோக்காப்பில் போடக் கூடாது என்பதும் சட்டம். 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதிமன்றத்தின் முன் கொண்டுபோக வேண்டும், பயண நேரம் அதில் சேராது. பத்து வயது நிரம்பாத பிள்ளை செய்தது எதுவும் குற்றமாகாது. பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் இருந்தால் புரிந்து செய்தானா என்று பார்க்க வேண்டும்.

விசாரணையின்போது கூட உட்கார அனுமதி கேளுங்கள். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். பையனிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: பெயர், வயது, முகவரியை மறைக்காதே, தன்னைக் குற்றத்தில் மாட்டவைக்கும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க உனக்கு உரிமை உண்டு, வக்கீலிடம் பேச வேண்டும் என்று கேட்கலாம். வக்கீலுக்குப் பணம் இல்லை என்று தயங்க வேண்டாம். தேசியச் சட்ட உதவி அறவாரியத்தின் வக்கீல்கள் கைது, ரிமாண்ட், ஜாமின் கட்டங்களில் வருகிறார்கள். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும் இருக்கிறது. எண்களை இப்போதே அலுவலகச் சுவரில் ஒட்டி வையுங்கள், ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தேட முடியாது.

ஜாமின்தான் இல்லத்துப் பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும் இடம். கொலை போன்ற கடுமையான குற்றம், கெட்ட சகவாசத்திலிருந்து பிரித்து வைக்க வேண்டிய அவசியம், வெளியே விட்டால் நீதிக்கு இடைஞ்சல் — இப்படிச் சில விதிவிலக்குகள் தவிர, சிறாருக்கு ஜாமின் கொடுக்க வேண்டும் என்பதே சட்டத்தின் போக்கு. ஆனால் யார் நிற்பது? அம்மா எங்கே என்று தெரியாது, வார்டன் கோலாலம்பூருக்குப் போயிருக்கிறார், இல்லத் தலைவர் "தலைவர் குழு கூடித்தான் முடிவு செய்ய வேண்டும்" என்கிறார். குழு கூடுவது அடுத்த வெள்ளிக்கிழமை. அதுவரை பையன் உள்ளே. ஆகவே ஜாமினுக்கு நிற்கத் தயாராக இருக்கும் இரண்டு பேரின் பெயரை, தேவை வருவதற்கு முன்பே குழுவில் முடிவு செய்து எழுதி வாங்கிவிடுங்கள். இதற்கென்று ஒரு சின்னத் தொகையும் ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். பிரியாணிப் பொட்டலத்துக்கு நன்கொடை கொடுக்க ஆள் இருக்கிறார்கள், ஜாமின் நிதிக்குக் கேட்டால் முகம் மாறுகிறது. கேட்கத்தான் வேண்டும்.

அப்புறம் ஒன்று: அந்தப் பையனின் பெயர், படம், பள்ளி, முகவரி எதையும் வாட்ஸ்அப் குழுவிலோ ஃபேஸ்புக்கிலோ போடக் கூடாது. "பிரார்த்தனை செய்யுங்கள்" என்று நல்ல மனதோடு போட்டாலும் சிறார் சட்டத்தின் 15-ஆவது பிரிவின்படி அது குற்றம். பத்தாயிரம் வெள்ளி வரை அபராதமோ ஐந்து வருடம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

சிறார் நீதிமன்றம்

கோர்ட் என்றதும் சினிமாவில் வருவது மாதிரி நினைக்காதீர்கள். சிறார் நீதிமன்றத்தில் மாஜிஸ்திரேட்டோடு ஆலோசகர்கள் இரண்டு பேர் இருப்பார்கள், ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். பொதுமக்கள் உள்ளே வர முடியாது. மரண தண்டனைக்குரிய குற்றம் தவிர மற்ற எல்லாவற்றையும் இங்கே விசாரிக்கலாம். ஆனால் பெரியவர் ஒருவரோடு சேர்த்துக் குற்றம் சாட்டப்பட்டால் வழக்கு வேறு நீதிமன்றத்துக்குப் போய்விடலாம். பொட்டலம் கொடுத்தனுப்பிய அந்த அண்ணனால் வரும் இன்னொரு வினை இது.

பையன்கள் "ஒப்புக்கொண்டால் சீக்கிரம் போய்விடலாம்" என்று நினைத்து, செய்யாததையும் செய்தேன் என்று சொல்லிவிடுகிறார்கள். வக்கீல் பேசுவதற்கு முன் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம் என்று முந்தின நாளே சொல்லுங்கள். காலை எட்டரைக்கே போய்விடுங்கள். இஸ்திரி போட்ட சட்டை, பள்ளிக் காலணி, கையில் ரொட்டி. பெயர் கூப்பிட மதியம் ஆகலாம்.

குற்றம் என்று முடிவானாலும், என்ன செய்வது என்று தீர்மானிக்கும் முன் நீதிமன்றம் நன்னடத்தை அறிக்கையைப் பார்க்க வேண்டும். பிள்ளையின் பொதுவான நடத்தை, வீட்டுச் சூழல், பள்ளிப் பதிவு, மருத்துவ விவரம் எல்லாம் அதில் வரும். மேலே சொன்ன நீல நோட்டு இப்போது பேசும். நன்னடத்தை அதிகாரி வருவதற்குக் காத்திருக்காமல், நீங்களே அவரைக் கூப்பிட்டு நோட்டைக் காட்டுங்கள். ஒரு திட்டத்தோடு போங்கள்: எந்தப் பள்ளி, வாரம் எத்தனை டியூஷன், யார் கூட்டிப்போய்க் கூட்டிவருவார், மருத்துவமனையில் அடுத்த சந்திப்பு எப்போது. எச்சரித்து விடுவது, நன்னடத்தைப் பிணை, உறவினர் அல்லது தகுந்தவரின் பொறுப்பில் விடுவது, நன்னடத்தைக் கண்காணிப்பு என்று நீதிமன்றத்தின் கையில் பல வழிகள் இருக்கின்றன. 2016 திருத்தத்துக்குப் பிறகு சமூக சேவை ஆணையும் சேர்ந்தது. துனாஸ் பக்தியும், பதினான்கு வயது நிரம்பியவர்களுக்குச் சிறைத்துறை நடத்தும் ஹென்றி கர்னி பள்ளியும் அந்தப் பட்டியலில் கடைசிப் பக்கம். திருப்பி எடுத்துக்கொள்ள ஒரு இல்லம் தயாராக இருக்கிறது என்று தெரிந்தால், நீதிமன்றம் அந்தக் கடைசிப் பக்கத்துக்குப் போகாமலிருக்க ஒரு காரணம் கிடைக்கிறது. "இவனை இனி எங்களால் வைத்துக்கொள்ள முடியாது" என்று இல்லமே கடிதம் கொடுத்தால், அதற்குப் பிறகு வக்கீல் என்ன பேசி என்ன?

போனவனை விட்டுவிடாதீர்கள்

துனாஸ் பக்திக்கோ ஹென்றி கர்னிக்கோ போய்விட்டான் என்றால், வருகை நாள் என்றைக்கு என்று விசாரித்து, இல்லத்திலிருந்து யாராவது போகும்படி ஏற்பாடு செய்யுங்கள். ஹென்றி கர்னி மலாக்காவில் தெலோக் மாஸில் இருக்கிறது. பினாங்கிலிருந்து பஸ்ஸில் போய் வர ஒரு நாள் முழுக்க ஆகும். ஒரே ஆள் போகத் தேவையில்லை, முறை வைத்துக்கொள்ளுங்கள். போக முடியாத மாதம் கடிதம் போடுங்கள். தமிழில் எழுதினால் படித்துப் பார்த்து உள்ளே கொடுக்க நேரமாகலாம், மலாயில் எழுதினால் சீக்கிரம் கிடைக்கும்.

வெளியே வருவதற்கு ஆறு மாதம் முன்பே எங்கே தங்குவான் என்று நன்னடத்தை அதிகாரியிடம் கேளுங்கள். அதற்குள் 18 ஆகிவிட்டால் பல இல்லங்கள் "எங்கள் வயது வரம்பு முடிந்துவிட்டது" என்று சொல்லிவிடும். அப்போது அவன் போகக்கூடிய ஒரே வீடு அந்த அண்ணனுடையதாக இருக்கும். ஷா ஆலாமில் இருக்கும் மோண்ட்ஃபோர்ட் பையன்கள் நகரம் போன்ற தொழிற்பயிற்சி இடங்கள், கியாட்மாரா வகுப்புகள் எல்லாவற்றுக்கும் விண்ணப்பத் தேதி உண்டு, அது அவன் விடுதலைத் தேதியோடு ஒத்துப்போகாது. இடையில் விழும் அந்த ரெண்டு மூன்று மாதத்துக்கு ஒரு அறையும், பகல் நேரத்தில் செய்ய ஒரு வேலையும் பாருங்கள். பட்டறை வைத்திருக்கும் யாரையாவது கேளுங்கள், "என்ன தப்பு செய்தான்?" என்பார்கள். அதைச் சொல்வதா வேண்டாமா என்பதை அவனிடமே விடுங்கள். நீங்கள் சொல்ல வேண்டியது காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பான் என்பது மட்டும்.